யாரும் கத்த மாட்டார்கள்

வொர்க்கிங்டன்
12 ஜனவரி 2019

அன்புத் தம்பி கீத்,

அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். நான் யாரென்று மட்டும் பாதி நாள் தெரிவதில்லை. எனக்கு முழங்கால்தான் தொல்லை, மற்றபடி குறையில்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது?

போனை எடுப்பதில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். மணி அடித்தால், அப்பாவை இரும்பாலையில் ஷிப்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அம்மா அவருடைய சாப்பாட்டு டப்பாவைத் தேடக் கிளம்பிவிடுகிறாள். அப்பாவும் இல்லை, ஆலையும் இல்லை. அதைச் சொன்னால் புதிதாகக் கேட்பதுபோல் அழுகிறாள். அதனால் எழுது. நீ எழுதுவதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சத்தமாக வாசிப்பேன். நம் வீட்டில் யாருக்கு லெட்டர் வந்தாலும் அப்படித்தானே?

பள்ளிக்கூடச் சமையலறை வேலை அப்படியே போகிறது. மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டு ஓடி வந்தால், பக்கத்து வீட்டு ஐவி, அதுவரை பார்த்துக்கொண்ட அம்மாவை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவாள். வெள்ளிக்கிழமை மட்டும் கால் மணி நேரம் தாமதம். மீன் பொரிக்கிற நாள் இல்லையா, அந்த எண்ணெய்ச் சட்டி லேசில் விடாது. தலைமைச் சமையல்காரி மிசஸ் மோஃபட்டை உனக்குத் தெரியும். "வேல செஞ்சா எழுதணும் லொரேன், சும்மா செய்யறதுக்கு இது சர்ச் இல்ல" என்று மூன்று வருஷமாக அந்தக் கால் மணியையும் சம்பளத் தாளில் ஏற்றுகிறாள். அந்த இரண்டு பவுண்டில் அம்மாவுக்கு இஞ்சி பிஸ்கட் வாங்கிவிடுகிறேன்.

உன் புது வேலை என்ன ஆயிற்று? அரசாங்க அலுவலகங்களுக்கு லெட்டர் எழுதிக் கொடுக்கிற கம்பெனி என்றாயே. அதற்கெல்லாமா ஆள் வைக்கிறார்கள்? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
லொரேன்

&nbsp;

லீட்ஸ்
27 ஜனவரி 2019

அன்புள்ள அக்கா,

உன் முழங்காலுக்குச் சூடு வை, குளிரில் நடக்காதே. அம்மாவுக்கு என் முத்தம். என் முதுகு பரவாயில்லை, நாற்காலியை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆள் வைக்கிறார்கள் அக்கா, நல்ல சம்பளமும் கொடுக்கிறார்கள். அரசாங்கக் கடிதம் என்றாலே ஜனங்கள் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டுவிடுகிறார்களாம். அதைப் பிரிக்க வைப்பது, படிக்க வைப்பது, பதில் சொல்ல வைப்பது எங்கள் வேலை. குப்பை எடுக்கும் நாள், நூலகம், இன்னும் சிலது. போன மாதம் நான் எழுதிய ஒரு கடிதத்துக்கு இதுவரை யாருக்கும் வராத அளவுக்குப் பதில் வந்ததாம். கண்ணாடியில் என் பெயர் செதுக்கி ஒரு விருது கொடுத்தார்கள். நான் ஏழு பேருக்குத் தலைவன் இப்போது!

அம்மாவிடம் சொல். புரியாவிட்டாலும் சொல்.

அன்புடன்,
கீத்

&nbsp;

வொர்க்கிங்டன்
4 மார்ச் 2019

அன்புத் தம்பி கீத்,

இங்கே கடற்காற்று கதவைப் பிய்க்கிறது. அம்மாவுக்குச் சளி பிடித்து விட்டது. உனக்கு ஒன்றும் இல்லையே?

உன் விருதைப் பற்றி வாசித்தபோது அம்மா கை தட்டினாள். எதற்கென்று தெரிந்து தட்டினாளா என்று கேட்காதே.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக வாரம் அறுபத்துச் சொச்சம் பவுண்டு கொடுக்கிறார்களே, அந்தத் துறையிலிருந்து கடிதம் வந்தது. அந்தப் பணம் வாங்குகிறவர்கள் வாரத்துக்கு இவ்வளவுதான் சம்பாதிக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு, என் சம்பளம் சில வாரங்களில் அதைத் தாண்டியிருக்கலாமாம். முதலில் மடித்து இழுப்பறையில் போடப் போனேன். ஆனால் மேலே படித்தால் பயமே போய்விட்டது. அப்படியே எழுதுகிறேன் பார்:

"முதலில் உட்காருங்கள். ஒரு டீ போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் எங்களைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். யாரும் கத்த மாட்டார்கள்."

அரசாங்கம் இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. மேஜையில் வைத்துச் சத்தமாக வாசித்தேன். பிஸ்கட் தின்றுகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "நம்ம கீத் எழுதினதா?" என்று கேட்டாள். என்னைத் தெரியாதவளுக்கு உன்னைத் தெரிகிறது பார்! சிரித்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைக் கால் மணிதான் காரணமாக இருக்கும். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். இப்படி எழுதுகிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். இருந்தாலும் இந்த மாதிரி விஷயம் எனக்கென்ன தெரியும், நீதான் அந்த உலகத்தில் இருக்கிறாய். பேசலாமா, வேண்டாமா? ஒரு வரி எழுது. பதினெட்டாம் தேதி வரை பொறுத்திருப்பேன்.

உன் அக்கா,
லொரேன்

&nbsp;

வொர்க்கிங்டன்
25 மார்ச் 2019

அன்புத் தம்பி கீத்,

பதில் வரவில்லையே, உடம்பு சரியில்லையா? இங்கே அம்மாவின் சளி இறங்கிவிட்டது.

பதினெட்டு வரை தபால்காரனை வாசலிலேயே நின்று பார்த்தேன். பிறகு பள்ளிக்கூடத்து போனிலிருந்து கூப்பிட்டுவிட்டேன். ஒரு பெண் பேசினாள். தேன் மாதிரிக் குரல். "வரம்பு ஒண்ணு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன், விண்ணப்பத்திலேயே போட்டிருக்கிறதே. "தாண்டுதான்னு எப்பவாவது கூட்டிப் பாத்தீங்களா?" என்றாள். எனக்குப் பொய் சொல்ல வராது. "ஒருதரம் கூட்டிப் பாத்தேம்மா. ரெண்டு பவுண்டு கூட வந்துச்சு. ரெண்டு பவுண்டுதானே, கேட்டா குடுத்துடலாம்னு விட்டுட்டேன்" என்றேன். "இவ்வளவு நேர்மையா சொன்னதுக்கு ரொம்ப நன்றி" என்றாள். பின்னால் யாரோ டைப் அடிக்கிற சத்தம் கேட்டது.

மனசு லேசாகிவிட்டது. வரும் வழியில் ஒரு கேக் வாங்கி, அம்மாவும் நானும் பாதிப் பாதி தின்றோம். நீ நலமென்று எழுது.

உன் அக்கா,
லொரேன்

&nbsp;

லீட்ஸ்
22 ஏப்ரல் 2019

அன்புள்ள அக்கா,

ஈஸ்டர் வாழ்த்துகள். அம்மா சௌக்கியமாக இருப்பாள் என்று நம்புகிறேன். எனக்கு முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது, வேலையும் கழுத்து வரை. அதனால்தான் எழுத முடியவில்லை. உன் மார்ச் கடிதமும் தபாலில் எங்கோ சுற்றிவிட்டு வந்தது.

இங்கே டாஃபடில் பூக்கள் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டன. ஊரில் ஈஸ்டர் பந்து விளையாட்டில் யார் ஜெயித்தார்கள்? மேல்தெருவா, கீழ்த்தெருவா? அப்பா இருந்தால் சட்டை கிழிந்து வந்திருப்பார்.

ஐம்பது பவுண்டு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு நல்ல கம்பளிச் சட்டை ஒன்று வாங்கு. உனக்கும் ஏதாவது வாங்கிக்கொள்.

அன்புடன்,
கீத்

&nbsp;

வொர்க்கிங்டன்
9 மே 2019

கீத்,

அம்மா நலம். நான் நலமில்லை. உன் முதுகுக்கு ஆண்டவன் நல்லது செய்யட்டும்.

அந்தத் துறையிலிருந்து பழுப்பு உறை வந்தது. அதில் டீயும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. ஒரு வாரத்தில் வரம்பை ஒரு பென்னி தாண்டினாலும் அந்த வாரத்துப் பணம் முழுக்கத் திருப்ப வேண்டுமாம். மூன்று வருஷத்துப் பள்ளி வாரங்கள் அத்தனைக்கும் கணக்குப் போட்டு ஏழாயிரத்து முன்னூறு பவுண்டு கேட்கிறார்கள். அந்த எண்ணெய்ச் சட்டியைச் சுரண்டியதற்கு!

அதோடு விடவில்லை. "தெரிந்தே மறைத்ததாக நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். கார்லைலில் இருக்கிற அவர்கள் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். போனேன். ஜன்னல் இல்லாத அறை, மேஜை மேல் டேப், எதிரே இரண்டு ஆம்பிளைகள். அந்தத் தேன்குரல்காரியிடம் நான் சொன்னதைப் போட்டுக் காட்டினார்கள். "ரெண்டு பவுண்டுதானே" என்று நான் சிரிப்பது அதில் கேட்கிறது. திருடி பேசுகிற மாதிரியே இருக்கிறது, கீத். ஒருவன் என்னைப் பார்த்து, "அப்ப தெரிஞ்சுதான் வாங்கினீங்க" என்றான். "சம்பளத் தாள் மாசாமாசம் உங்க கம்ப்யூட்டருக்கே வருதே, மூணு வருஷமா ஏன்யா சொல்லல?" என்றேன். அவன் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தான்.

குற்றம் என்று முடிவானால் பள்ளிக்கூடத்தில் என்னை வைத்திருக்க மாட்டார்கள். வேலை போனால் வாடகை கட்ட முடியாது. வீடு போனால் அம்மாவைக் கார்லைல் முதியோர் இல்லத்தில் போடுவார்கள். புது இடத்தில் அவள் ஒரு குளிர்காலம் தாங்க மாட்டாள், உனக்கே தெரியும். செப்டம்பர் கடைசியில் தீர்ப்பாயத்தில் விசாரணை.

கேட்டிருந்தால் அந்த இரண்டு பவுண்டை முதல் வாரமே கொடுத்திருப்பேன். அடித்துப் பிடுங்கியிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது. டீ போட்டுக்கொள்ளச் சொல்லிப் பிடுங்கினார்களே, அதுதான் குமட்டுகிறது. சீ.

என்ன செய்யலாம், சொல்.

லொரேன்

&nbsp;

லீட்ஸ்
30 மே 2019

அன்புள்ள அக்கா,

மிகவும் வருத்தமாக இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

நம் ஊர் நூலகத்தில் செவ்வாய்க்கிழமை இலவச ஆலோசனை மையம் நடக்கிறது, அவர்களைப் போய்ப் பார். எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே. நான் உதவலாம் என்று பார்த்தேன், ஆனால் என் வேலைக்கும் அந்தக் கடிதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அம்மாவுக்கு என் முத்தம்.

அன்புடன்,
கீத்

&nbsp;

வொர்க்கிங்டன்
16 ஜூன் 2019

என் அன்புத் தம்பிக்கு,

அம்மாவும் நானும் நலம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? உன் கடிதம் இந்த முறை ரொம்பச் சின்னதாக இருந்தது.

சம்பந்தம் உண்டா என்று நான் கேட்கவே இல்லையே, கீத்.

நேற்று அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்தேன். திடீரென்று அப்பாவின் புறா ஞாபகம் வந்தது. ஒன்பது வயதில் நீ கூண்டைப் பூட்ட மறந்துவிட்டாய். பந்தயத்தில் ஜெயித்த அந்த நீலப் புறாவைப் பூனை கொண்டுபோயிற்று. நீ நிலக்கரிக் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொண்டாய். அம்மா வாசலில் நின்று என்ன சொன்னாள்? "மொதல்ல உக்காரு. டீ போடறேன். அப்பறம் நடந்தத சொல்லு. யாரும் கத்த மாட்டாங்க." நீ எல்லாவற்றையும் சொன்னாய். அப்பா வந்ததும், கூண்டைத் திறந்து விட்டது தான்தான் என்று அம்மா சொன்னாள். ஒரு வாரம் அப்பா அவளோடு பேசவில்லை. செத்தபோதும் அவருக்கு உண்மை தெரியாது.

அதனால் பயப்படாதே. எனக்கு உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? முதலில் உட்கார். ஒரு டீ போட்டுக்கொள். அப்புறம் நடந்ததை எழுது. ஒன்றையும் விடாமல் எழுது, மனசு லேசாகும். யாரும் கத்த மாட்டார்கள்.

உன் அக்கா,
லொரேன்

&nbsp;

லீட்ஸ்
2 ஜூலை 2019

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதை எழுதியும் ஆரம்பிக்க எனக்கு அருகதை இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அந்தக் கடிதம் நான் எழுதியது. விருது அதற்குத்தான்.

நாலு மாதிரி எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டாயிரம் பேருக்கு அனுப்பிப் பார்த்தோம். சட்டத்தைச் சொல்லி மிரட்டியதற்கு நூற்றில் பதினோரு பேர் கூப்பிட்டார்கள். அம்மா சொன்னதை வைத்து எழுதியதற்கு அறுபத்து நாலு பேர். மேலதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். "எங்கேர்ந்துய்யா புடிச்ச இத?" என்றார். சும்மா தோன்றியது என்றேன். அம்மாவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

யாருக்கு அந்தக் கடிதம் போகும் என்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும். தெரிந்து செய்தார்கள் என்று நிரூபிக்க எந்தச் சான்றும் இல்லாதவர்களுக்கு மட்டும்தான் போகும். சான்று இருந்தால் கடிதமே தேவையில்லை. ஆட்களைத் தங்கள் வாயாலேயே சொல்ல வைப்பதற்குத்தான் அது. போனில் பேசுகிற பெண்ணுக்கு மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதையும் நான்தான் எழுதினேன். முதல் கேள்விக்குத் "தெரியும்" என்று சொன்னாலே பெயர் குற்ற விசாரணைப் பட்டியலுக்குப் போய்விடும். குழம்பிப்போய், செய்யாததையும் செய்ததாக ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று சோதனையின்போதே தெரிந்தது. அறிக்கையில் ஒரு வரி போட்டேன். அதை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தேன்.

சம்பளக் கணக்கு முதல் வருஷமே அவர்களிடம் இருந்தது. நீ சொன்னது சரி.

உன் மார்ச் மாதக் கடிதம் எங்கும் சுற்றவில்லை. ஏழாம் தேதியே என் கைக்கு வந்துவிட்டது. "பேசாதே அக்கா" என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும். எழுதினேன். உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டினேன். பிறகு, ஏன் பேசக்கூடாது என்று நீ கேட்பாயே என்று நினைத்தேன். அது இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

என்னை மன்னித்துவிடு. இதை எழுதிய பிறகு, நீ சொன்னபடியே மனசு லேசாகத்தான் இருக்கிறது. இது உன்னோடு இருக்கட்டும். வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும், வழக்கும் வரும்.

உன் தம்பி,
கீத்

&nbsp;

வொர்க்கிங்டன்
1 அக்டோபர் 2019

கீத்,

அம்மா நலம். உன் முதுகைப் பற்றி இந்த முறை நான் கேட்கப் போவதில்லை.

நேற்று விசாரணை. அம்மாவை ஐவியிடம் விட்டுவிட்டு, மிசஸ் மோஃபட் காரில் கூட்டிப்போனாள். மூன்று வருஷச் சம்பளத் தாளையும் மடியில் வைத்துக்கொண்டு, "நான் எழுதாம இருந்திருக்கணும்டி" என்று வழி முழுக்க அழுதாள். இந்தக் கதையிலேயே வெட்கப்பட வேண்டிய அவசியம் இல்லாத ஒரே ஆள் அவள்தான், அவள்தான் அழுகிறாள்.

நீதிபதி வயதான பெண்மணி. "சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். என் தம்பி எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது என்றேன். நம் வீட்டு மேஜையில் வாசிக்கிற மாதிரியே, தேதியிலிருந்து உன் கையெழுத்து வரை சத்தமாக வாசித்தேன். நூற்றில் அறுபத்து நாலு பேர் என்ற இடத்தில் துறையின் வக்கீல் எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். உட்காரத்தான் சொன்னார், டீ கொடுக்கவில்லை.

நான் முடித்ததும் நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இத இங்க வாசிக்கப் போறீங்கன்னு உங்க தம்பிக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. நான் சொன்னத டேப்புல போடப் போறாங்கன்னு எனக்கும் யாரும் சொல்லல" என்றேன்.

குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார்கள். பொய்க்காரி என்ற பெயர் போயிற்று, பள்ளிக்கூட வேலை இருக்கிறது, அம்மா அவள் நாற்காலியில் இருக்கிறாள். ஏழாயிரத்து முன்னூறு மட்டும் அப்படியே இருக்கிறது. சட்டம் அதுதானாம். மாதம் இருபது பவுண்டு பிடிப்பார்கள். எண்பத்தாறு வயதில் கட்டி முடிப்பேன். உன் கடிதத்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள். உன் கம்பெனியிலிருந்து உனக்கு ஆள் வரும் என்று வெளியே வக்கீல் பேசிக்கொண்டிருந்தார். வந்திருக்கும் இதற்குள்.

உன்னை ஏமாற்றித்தான் எழுத வைத்தேன். ஜூன் மாதம் அந்த லெட்டரை எழுதும்போதே தெரிந்துதான் செய்தேன், யாராவது கேட்டால் அதையும் ஒப்புக்கொள்வேன். எழுதி முடித்துக் கையைக் கழுவினேன், மீன் எண்ணெய் மாதிரி போகவே இல்லை. நீ தினமும் எப்படிக் கழுவினாய் என்று தெரியவில்லை. அம்மா அந்த வார்த்தைகளைச் சொன்னபோது, உன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நீ வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் விற்றாய். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவளிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல பொருளை அழுக்காக்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "கீத் லெட்டர் போட்டானா?"

"போட்டான்மா."

"என்ன சொல்றான்?"

"எல்லாத்தையும் சொல்லிட்டான்மா."

அம்மா கொஞ்ச நேரம் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லிடாத. சின்னப் பையன். அவன்கிட்ட கத்தாத, என்ன" என்றாள்.

நான் கத்தவில்லை, கீத்.

இப்படிக்கு,
லொரேன் டின்னியன்